அறையும் ஒரு கருவிதான்

தொலைக்காட்சி விளம்பரங்களில் வரும் எண்கள் அனைத்தும் பெட்டியைப் பற்றியே பேசுகின்றன. எத்தனை அங்குலம், எத்தனை படப்புள்ளி, எத்தனை வாட், எத்தனை ஸ்பீக்கர் என்று பட்டியல் நீளும். இந்த எண்கள் பொய்யல்ல. அளந்து சரிபார்க்கக் கூடியவைதான். ஆனால் படம் பெட்டியில் பிறந்து கண்ணில் முடிகிறது, ஒலி ஸ்பீக்கரில் பிறந்து காதில் முடிகிறது. இரண்டுக்கும் நடுவே ஓர் அறை இருக்கிறது. எவ்வளவு தள்ளி உட்காருகிறோம், எங்கிருந்து வெளிச்சம் விழுகிறது, சுவரும் தரையும் எதனால் ஆனவை என்பதைப் பொறுத்து, அந்த அறை பெட்டியின் திறனை முழுதாக நம்மிடம் கொண்டுவந்து சேர்க்கவும் செய்யும், வழியிலேயே கரைத்துவிடவும் செய்யும். பெரும்பாலான வீடுகளில் உயர்தெளிவுப் படத்தையும் ஹோம் தியேட்டர் ஒலியையும் முழுமையாக அனுபவிக்க முடியாமல் போவதற்குக் காரணம், அறையையும் ஒரு கருவியாக நாம் எண்ணாததுதான் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். அதற்கான சான்றுகள் கண்ணின் அமைப்பிலும் ஒலியின் இயற்பியலிலும் இருக்கின்றன.

திரையின் அகலம்

உயர்தெளிவுத் தொலைக்காட்சி எதற்காகப் பிறந்தது என்பதிலிருந்து தொடங்கலாம். 1964 டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த கையோடு, ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. அடுத்த தலைமுறைத் தொலைக்காட்சிக்கான ஆராய்ச்சியில் இறங்கியது. 'படத்தில் எத்தனை வரிகள் வேண்டும்?' என்பதற்கு முன்பாகவே அங்கிருந்த ஆய்வாளர்கள் இன்னொரு கேள்வியைக் கேட்டார்கள்: காட்சிக்குள்ளேயே இருப்பதுபோன்ற உணர்வு பார்ப்பவருக்கு எப்போது வருகிறது? அதை அளக்க அவர்கள் கையாண்ட முறை நுட்பமானது. அகன்ற திரையில் ஒரு காட்சியைச் சாய்த்துக் காட்டினார்கள். அதைப் பார்ப்பவரின் நிமிர்வு உணர்வும் சேர்ந்து எவ்வளவு சாய்கிறது என்று பதிவு செய்தார்கள். படம் பார்வைப் புலத்தில் சிறிய இடத்தை அடைத்தபோது ஒன்றும் நடக்கவில்லை. சுமார் 20 பாகையைத் தாண்டியதும் விளைவு தலைகாட்டியது, 30 பாகையை நெருங்கி மேலே போகப் போக வலுத்தது. ஆகவே படம் கண்ணுக்கு ஏறக்குறைய 30 பாகை அகலமாகத் தெரிய வேண்டும் என்பது இலக்கானது. அப்படித் தெரிய வேண்டுமென்றால் திரைக்கு நெருங்கி உட்கார வேண்டும். நெருங்கி உட்கார்ந்தால் பழைய படத்தின் வரிகள் பல்லிளிக்கும். அதனால்தான் வரிகளைக் கூட்ட வேண்டியிருந்தது. தெளிவு என்பது வழி, அகன்ற காட்சிதான் நோக்கம்.

இதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். இயல்பான பார்வையுள்ள கண், ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு அளவிலான நுட்பத்தைப் பிரித்தறியும். கண் மருத்துவர் வைத்திருக்கும் எழுத்துப் பலகையில் 6/6 என்ற வரி இந்த அளவை வைத்தே வரையப்பட்டது. இந்தியாவில் 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிகளோடு வந்த வண்ணத் தொலைக்காட்சியில், கண்ணுக்குத் தெரியும் வரிகள் 576. அந்த வரிகள் தனித்தனியாகத் தெரியாமல் ஒன்றாகக் கலக்க, திரை உயரத்தைப்போல் 6 மடங்கு தூரத்தில் உட்கார வேண்டியிருந்தது. அங்கிருந்து பார்த்தால் படத்தின் அகலம் 13 பாகைக்கும் குறைவு. 1080 வரிகள் கொண்ட உயர்தெளிவுப் படத்துக்கு, திரை உயரத்தில் 3 மடங்குக்குச் சற்று அதிகமான தூரமே போதும். படமும் 31 பாகைக்கு விரிந்துவிடும். இப்போது நம் வீடுகளுக்கு வருவோம். ஹாலில் டிவி ஒரு சுவரில், சோபா எதிர்ச் சுவரில், நடுவே 10 அடி. 43 அங்குலத் திரையின் உயரம் ஏறக்குறைய 53 சென்டிமீட்டர். 10 அடியிலிருந்து அந்தத் திரையில் கண் பிரித்தறியக் கூடியது சுமார் 600 வரிகள் மட்டுமே. பெட்டி 1080 வரி காட்டினாலும் சரி, 4கே என்று 2160 வரி காட்டினாலும் சரி, கண்ணுக்கு வந்து சேர்வது பழைய தூர்தர்ஷன் காலத்து 576 வரிக்கு மிக அருகில் நின்றுவிடுகிறது. பெட்டி மாறிவிட்டது, சோபா மட்டும் பழைய பெட்டிக்கான இடத்திலேயே கிடக்கிறது.

'அப்படியானால் 4கே என்பதே வீண் செலவா?' என்ற மறுப்பு இங்கே எழும். அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. முதலாவதாக, 6/6 என்பது எல்லோருக்குமான உச்ச வரம்பு அல்ல. இளம் வயதில் அதைவிடக் கூர்மையான பார்வை உள்ளவர்கள் ஏராளம். இரண்டாவதாக, ஒரு கோடு இன்னொரு கோட்டிலிருந்து சற்றே விலகியிருப்பதை, முன்பு சொன்ன அளவில் பத்தில் ஒரு பங்கு விலகலிலேயே கண் பிடித்துவிடும். சாய்வான விளிம்புகளில் படிக்கட்டு போன்ற வெட்டுகள் தென்படுவது இதனால்தான். ஆகவே கூடுதல் புள்ளிகளால் பயன் உண்டு. ஆனால் அந்தப் பயன் தூரம் கூடக் கூட விரைவாகத் தேய்கிறது. 4கே படம் கண்ணுக்கு மேலானதாகத் தெரியும்போது, பெரும்பாலும் அந்தப் பெருமை அதனுடன் சேர்ந்து வரும் வேறு இரண்டுக்கே உரியது. ஒன்று எச்டிஆர் எனப்படும், ஒளிக்கும் இருளுக்கும் இடையிலான விரிந்த வீச்சு. மற்றொன்று தரவின் அளவு. 1920க்கு 1080 புள்ளி கொண்ட படத்தை எதையும் குறைக்காமல் வினாடிக்கு 25 சட்டம் வீதம் அனுப்பினால் வினாடிக்கு 124 கோடி பிட் தேவைப்படும். இணையம் வழியாக வரும் அதே அளவுப் படம் 50 லட்சம் பிட் அளவில் வந்துவிடுகிறது, அதாவது ஏறக்குறைய 250இல் ஒரு பங்கு. ப்ளூரே வட்டு 4 கோடி பிட் வரை தரும். மூன்றுக்கும் லேபிள் ஒன்றேதான். மழை, புகை, கூட்டம், இரவு வானம் போன்ற காட்சிகளில் இந்த வேறுபாடு கட்டம் கட்டமாகவும் பட்டை பட்டையாகவும் வெளிப்படும். புள்ளிகளின் எண்ணிக்கை இதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

நெருங்கி உட்காரச் சொன்னால் இன்னொரு மறுப்பும் வரும்: டிவிக்குக் கிட்டே உட்கார்ந்தால் கண் கெட்டுவிடும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வது. இந்த அச்சத்துக்கு உண்மையான வரலாறு இருக்கிறது. 1967இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் வண்ணத் தொலைக்காட்சிகளில் ஒரு பகுதி, அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் எக்ஸ் கதிரை வெளியிடுவது அமெரிக்காவில் தெரியவந்தது. உள்ளே உயர் மின்னழுத்தத்தில் இயங்கிய வெற்றிடக் குழாய்தான் காரணம். தள்ளி உட்காருங்கள் என்று அந்நாட்டு அதிகாரிகள் அறிவுறுத்தினார்கள். மறு ஆண்டே கதிர்வீச்சுக் கட்டுப்பாட்டுச் சட்டமும் வந்தது. இன்றைய எல்சிடி, ஓஎல்இடி திரைகளில் அத்தகைய குழாயும் இல்லை, எக்ஸ் கதிரும் இல்லை. கண்ணின் தசைக்கு உண்டாகும் உழைப்பைப் பார்த்தாலும், 2 மீட்டர் தூரத்தில் உள்ள திரையைக் குவிக்கக் கண்ணுக்கு வேண்டியது அரை டயாப்டர். ஒரு முழம் கூட இல்லாத தூரத்தில் பிடித்துப் பார்க்கும் கைபேசிக்கு அதைப்போல் பல மடங்கு வேண்டும். நீண்ட நேரம் கண் சிமிட்டாமல் பார்ப்பதால் வரும் வறட்சியும் களைப்பும் உண்மையே. அவற்றுக்கு மருந்து இடையிடையே கண்ணை வேறு பக்கம் திருப்புவது. 55 அங்குலத் திரைக்கு 7 அடி, 65 அங்குலத்துக்கு எட்டரை அடி என்பது கண்ணுக்குக் கேடில்லாத, படத்துக்கு உகந்த தூரம்.

இருட்டும் வெளிச்சமும்

தூரத்துக்கு அடுத்தது வெளிச்சம். படத்துக்கு உயிர் கொடுப்பது வெண்மைக்கும் கருமைக்கும் உள்ள விகிதம். நல்ல எல்சிடி திரை ஒன்று, வெண்மையில் 300 நிட், கருமையில் 0.1 நிட் ஒளி தருகிறது என்று கொள்வோம். விகிதம் 3000. இப்போது பகல் வேளையில் ஜன்னல் வழியாகத் திரை மீது 150 லக்ஸ் வெளிச்சம் விழுகிறது, அதில் நூற்றில் 2 பங்கைத் திரை நம் பக்கம் சிதறடிக்கிறது என்று வையுங்கள். அந்தச் சிதறல் மட்டும் ஏறக்குறைய 1 நிட் வரும். வெண்மை 301 ஆகிறது, அதில் நட்டமில்லை. கருமையோ 0.1இலிருந்து 1.1க்குத் தாவிவிடுகிறது. விகிதம் 3000இலிருந்து 270க்குச் சரிகிறது. இதைவிட விலை கூடிய ஓஎல்இடி திரையில் கருமை என்பது முழு இருட்டு, ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாக அணைந்துகொள்ளும். ஆனால் அதே ஹாலில் அதே ஜன்னலுக்கு எதிரே அதன் விகிதமும் சுமார் 300க்கு வந்துவிடும். இருட்டறையில் ஒன்றுக்கொன்று வெகுதூரம் விலகி நிற்கும் இரு தொழில்நுட்பங்கள், பகல் வெளிச்சத்தில் கிட்டத்தட்டச் சரிசமமாகிவிடுகின்றன. ஒரு கனமான ஜன்னல் திரைச்சீலை செய்யும் வேலையை அந்த நேரத்தில் எந்தப் புதிய பெட்டியாலும் செய்ய முடியாது. அறையைக் கும்மிருட்டாக்கவும் தேவையில்லை. எதிரே உள்ள டியூப்லைட்டை அணைத்து, திரைக்குப் பின்னால் சுவரில் படும்படி மெல்லிய வெண்ணிற விளக்கு ஒன்றை வைத்தால் கருமையும் காப்பாற்றப்படும், கண்ணும் களைக்காது.

இத்துடன் சேர்ந்தது பெட்டியின் அமைப்புகள். கடையில் நூறு விளக்குகளின் கீழ் அருகருகே நிற்கும் பெட்டிகளில் கண்ணை இழுப்பது, அதிக வெளிச்சமும் நீலம் பாய்ந்த வெண்மையும் கொண்டதுதான். அந்தப் போட்டிக்காகவே 'விவிட்' போன்ற அமைப்புகள் தரப்படுகின்றன. திரைப்படத்துக்கு நிறம் திருத்துபவர்கள் 6500 கெல்வின் அளவிலான வெண்மையை அடிப்படையாகக் கொண்ட திரையில், மங்கலான அறையில் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். அதற்கு நெருக்கமாக வரும் அமைப்பு 'சினிமா', 'மூவி' என்ற பெயரில் மெனுவில் இருக்கும். 2019இல் பல நிறுவனங்கள் கூடி 'ஃபிலிம்மேக்கர் மோட்' என்ற ஒன்றையும் அறிவித்தன. 'எனக்குப் பளிச்சென்று இருப்பதுதான் பிடிக்கிறது, ரசனைக்கு இலக்கணம் உண்டா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நிறம் சற்றுக் கூடுவதும் குறைவதும் ரசனை சார்ந்ததே. ஆனால் அந்த அமைப்பில் வெண்பட்டுச் சேலையின் மடிப்புகளும் மேகத்தின் அடுக்குகளும் ஒரே வெள்ளைப் பரப்பாகத் தட்டையாகிவிடுகின்றன. படத்தில் இருந்த தகவல் போய்விடுகிறது. போனதை எந்த ரசனையாலும் மீட்க முடியாது. தவிர, கண் எந்த வெண்மைக்கும் விரைவில் பழகிக்கொள்ளும். முதலில் மஞ்சளாகத் தோன்றும் சினிமா அமைப்பு, சில நாள் பார்த்தபின் இயல்பாகவும் பழைய அமைப்பு நீலமாகவும் தெரியத் தொடங்கும்.

ஒலியும் சுவர்களும்

படத்தில் அறையின் பங்கு பாதி என்றால், ஒலியில் அதைவிட அதிகம். பெட்டியிலேயே உள்ள ஸ்பீக்கர்களின் குறை எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்க்கலாம். குறிப்பிட்ட அளவு சத்தத்தை எழுப்ப ஸ்பீக்கரின் கூம்பு காற்றைத் தள்ள வேண்டும். அதிர்வெண் பாதியானால், அதே சத்தத்துக்கு நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும் என்பது இயற்பியல் விதி. 100 ஹெர்ட்ஸில் ஒரு மில்லிமீட்டர் அசைந்தால் போதும் என்ற கூம்பு, 50 ஹெர்ட்ஸில் 4 மில்லிமீட்டரும் 25 ஹெர்ட்ஸில் 16 மில்லிமீட்டரும் அசைய வேண்டும். விரல் கனத் திரைக்குள் அதற்கு இடமில்லை. பழைய குழாய்த் தொலைக்காட்சியின் பெரிய பெட்டியில் ஸ்பீக்கர் நம்மை நோக்கியாவது இருந்தது. இன்றைய பெட்டிகள் பலவற்றில் அது கீழ்நோக்கியோ பின்நோக்கியோ இருக்கிறது. நேராக வர வேண்டிய பேச்சு, சுவரிலும் மேசையிலும் பட்டுத் தெறித்தே காதுக்கு வருகிறது. படம் ஆண்டுக்கு ஆண்டு மெருகேறி, ஒலி பின்தங்கியதற்கு இந்த மெலிவே காரணம். ஆகவே தனி ஸ்பீக்கர் தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால் தனி ஸ்பீக்கர் வாங்கிய பிறகும் வசனம் புரியவில்லை என்ற குறை தொடர்ந்தால், பார்க்க வேண்டியது அறையை.

அறையின் எதிரொலியை அறிவியலாக்கியவர் வாலஸ் கிளெமன்ட் சபைன். 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் புதிய விரிவுரைக் கூடத்தில் பேராசிரியர்கள் பேசுவது மாணவர்களுக்குப் புரியவில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு இளம் இயற்பியல் ஆசிரியரான சபைனிடம் வந்தது. அவர் இரவு நேரத்தில் அருகிலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கூடத்துக்குக் கொண்டுவரச் செய்து, ஆர்கன் குழாயை ஒலித்து, ஒலி காதுக்கு எட்டாமல் தேயும் நேரத்தை அளந்தார். காலியான கூடத்தில் அது சுமார் ஐந்தரை வினாடி. மெத்தைகள் சேரச் சேர நேரம் குறைந்தது. அறையின் கன அளவுக்கும் உறிஞ்சும் பரப்புக்கும் உள்ள எளிய விகிதம்தான் எதிரொலி நேரம் என்று அவர் கண்டார். அந்தச் சூத்திரத்தை நம் ஹாலில் பொருத்திப் பார்ப்போம். 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம். சிமென்ட் பூச்சுச் சுவர், கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை. இவை தம் மீது படும் ஒலியில் நூற்றில் 3 பங்கையே உறிஞ்சுகின்றன என்று கொண்டால், எதிரொலி நேரம் ஏறக்குறைய 3.4 வினாடி. பேச்சில் வினாடிக்கு நான்கைந்து அசைகள் வருகின்றன. ஓர் அசையின் மிச்சம் அடங்குவதற்குள் பதினைந்து அசைகள் அதன் மேல் ஏறிவிடும். உயிரொலிகள் வலுவானவை, தாக்குப்பிடிக்கும். க, ச, ட, த, ப என்ற வல்லின ஒலிகள் நொடிப்பொழுதில் வந்துபோகிறவை, முதலில் மூழ்குவது அவைதான். பொருளைச் சுமப்பதும் அவைதான். மெத்தை வைத்த சோபா, கனத்த திரைச்சீலை, தரையில் ஒரு ஜமுக்காளம், சுவரில் புத்தக அலமாரி என்று சேர்ந்து 12 சதுர மீட்டர் அளவுக்கு உறிஞ்சும் திறனைக் கூட்டினால், அந்த நேரம் முக்கால் வினாடிக்கும் கீழே இறங்கிவிடும். விலை உயர்ந்த எந்த ஆம்ப்ளிஃபயரும் இந்த மாற்றத்தைத் தராது.

வசனத்துக்கு நடு ஸ்பீக்கர் ஏன் என்ற கேள்விக்கும் விடை பழையது. 1933 ஏப்ரலில் பெல் ஆய்வகத்தின் ஹார்வி பிளெட்சர் குழு, பிலடெல்பியாவில் வாசித்த இசைக்குழுவின் ஒலியை வாஷிங்டன் அரங்குக்குத் தொலைபேசிக் கம்பி வழியே கொண்டுவந்தது. மேடையின் இடம், நடு, வலம் என மூன்று மைக், மூன்று ஸ்பீக்கர். அகன்ற அரங்கில் ஓரத்தில் இருப்பவருக்கும் இசை நடுவிலிருந்து வர வேண்டுமானால் நடுவே ஸ்பீக்கர் வேண்டும் என்பது அப்போதே தெரிந்திருந்தது. காரணம் காதின் இயல்பு. ஒரே ஒலி இரண்டு திசையிலிருந்து வந்தால், முதலில் வந்த திசையையே மூளை ஏற்கிறது. 1949இல் ஹெல்முட் ஹாஸ் இதை விரிவாக அளந்து காட்டினார். இரண்டே ஸ்பீக்கர் உள்ள வீட்டில் சரியாக நடுவில் உட்கார்ந்தவருக்கு மட்டும் வசனம் நடிகரின் வாயிலிருந்து வரும். அவர் ஓர் அடி இடப்பக்கம் நகர்ந்து, இடது ஸ்பீக்கருக்கு 30 சென்டிமீட்டர் நெருக்கமானால், அந்த ஒலி ஒரு மில்லி வினாடிக்குச் சற்றுக் குறைவாக முந்திவிடும். அது போதும், குரல் திரையை விட்டு இடது மூலைக்கு ஓடிவிடும். சோபாவில் வரிசையாக நான்கு பேர் உட்காரும் குடும்பத்தில் மூவர் எப்போதும் ஓரத்தில் இருப்பவர்களே. ஆகவே செலவைக் குறைக்க வேண்டுமென்றால் பின்பக்க ஸ்பீக்கர்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், நடு ஸ்பீக்கரை விடக் கூடாது. அதையும் திரைக்கு ஒட்டி, காது உயரத்தை நோக்கிச் சற்றுச் சாய்த்து வைக்க வேண்டும்.

அறை தன் கைவரிசையை முழுதாகக் காட்டுவது தாழ்ந்த ஒலியில்தான். ஹோம் தியேட்டர் ஒலியைக் குறிக்கும் 5.1 என்பதில் உள்ள '.1', 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலிக்கான தனித் தடம். வெப்பமான நம் ஊரில் ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர் செல்கிறது. 35 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 10 மீட்டர், அதில் பாதி 5 மீட்டர், நாம் எடுத்துக்கொண்ட ஹாலின் நீளம். அந்த ஒலி இரண்டு சுவர்களுக்கு நடுவே நின்ற அலையாகிவிடும். சுவர் ஓரத்தில் அது பெருகும், அறையின் நடுவில் அடங்கிப்போகும். 4 மீட்டர் அகலத்துக்கு 44 ஹெர்ட்ஸ், 3 மீட்டர் உயரத்துக்கு 58 ஹெர்ட்ஸ் என்று ஒவ்வொரு பக்கமும் தனக்கென ஒரு சுரம் வைத்திருக்கிறது. சதுர அறையில் நீளத்தின் சுரமும் அகலத்தின் சுரமும் ஒன்றாகிவிடுவதால் நிலைமை இன்னும் மோசம். இதன் விளைவாக, தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கரான ஒரே சப்வூஃபர் ஓர் இருக்கையில் 'தும் தும்' என்று காதை அடைக்கும், நான்கடி தள்ளி இருப்பவருக்கு அது இருப்பதே தெரியாது. சுவரை ஒட்டிய சோபாவில் எப்போதும் முதல் வகைதான். இதற்கு நிறுவல் வேலை செய்பவர்கள் நெடுங்காலமாகக் கையாளும் முறை ஒன்று இருக்கிறது. சப்வூஃபரைத் தூக்கி நாம் உட்காரும் இடத்திலேயே வைத்து, பாஸ் நிறைந்த பாட்டு ஒன்றை ஓடவிட்டு, அறையின் ஓரங்களில் குனிந்து தவழ்ந்தபடி கேட்டுக்கொண்டே போக வேண்டும். எந்த இடத்தில் ஒலி சீராகவும் தெளிவாகவும் கேட்கிறதோ, அங்கே சப்வூஃபரை வைத்துவிட்டால், இருக்கையிலும் அப்படியே கேட்கும். ஒலி எழுமிடத்தையும் கேட்குமிடத்தையும் இடம் மாற்றினாலும் இடையிலான அலைப்பாதை மாறாது என்ற இயற்பியல் விதிதான் இதன் அடிப்படை. காசு செலவில்லை, அரை மணி நேரம் போதும்.

திரைப்படம் திரையரங்குக்கான சத்தத்தில் கலவை செய்யப்படுகிறது, வீட்டில் அதைவிடக் குறைத்து வைக்கிறோம். பிளெட்சரும் மன்சனும் அதே 1933இல் வெளியிட்ட அளவீடுகள், சத்தம் குறையும்போது காது தாழ்ந்த ஒலிகளை மற்றவற்றைவிட வேகமாக இழக்கிறது என்று காட்டின. இன்றைய பன்னாட்டுத் தரக்கணக்கின்படி, 1000 ஹெர்ட்ஸில் 40 டெசிபல் ஒலி எவ்வளவு கேட்குமோ அவ்வளவு கேட்க 50 ஹெர்ட்ஸ் ஒலிக்குச் சுமார் 78 டெசிபல் தேவை. இதற்கு மேல் நம் அறையில் மின்விசிறியின் இரைச்சல் வேறு. கிசுகிசுப்பு விசிறியில் மூழ்குகிறது, ரிமோட்டில் சத்தத்தைக் கூட்டுகிறோம், அடுத்த காட்சியில் குண்டு வெடிக்கிறது, அவசரமாகக் குறைக்கிறோம். இதைத் தவிர்க்கவே 'நைட் மோட்' என்ற அமைப்பு இருக்கிறது. மெல்லியதை உயர்த்தி, உரத்ததைத் தாழ்த்தி வீச்சைச் சுருக்கும். கலைஞர் அமைத்த வீச்சைச் சுருக்குவது இழப்புதானே என்றால், இழப்புதான். ஆனால் விசிறி ஓடும் அறையில் அந்த வீச்சின் கீழ்ப்பாதி ஏற்கெனவே பறிபோய்விட்டது. அண்டை வீட்டார் உறங்கும் நேரத்தில் மேல்பாதியையும் பயன்படுத்த முடியாது. எஞ்சிய இடத்துக்குள் வசனத்தைக் காப்பாற்றுவதே அறிவுடைமை.

படமும் ஒலியும் சேரும் இடத்திலும் ஒரு நுட்பம் உண்டு. இயற்கையில் ஒளி முதலில் வரும், ஒலி பின்னால் வரும். தொலைவில் துணி துவைப்பவரின் கை இறங்கிய பிறகே சத்தம் கேட்கும். அதனால் தாமதமான ஒலியை மூளை பொறுத்துக்கொள்கிறது, முந்தும் ஒலியைப் பொறுப்பதில்லை. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, ஒலி 45 மில்லி வினாடி முந்தினாலே பார்ப்பவருக்குத் தட்டுப்படும், பிந்தினாலோ 125 மில்லி வினாடி வரை தட்டுப்படாது. இன்றைய பெட்டிகள் படத்தை மெருகேற்ற நேரம் எடுத்துக்கொள்வதால், தனி ஆம்ப்ளிஃபயர் வழியாக வரும் ஒலி முந்திவிடும் வாய்ப்பு அதிகம். நடிப்பு ஒட்டவில்லை, டப்பிங் சரியில்லை என்று நாம் படத்தைக் குறைசொல்லும் நேரங்களில் பிழை இந்தச் சில மில்லி வினாடிகளில் இருக்கலாம். மெனுவில் உள்ள ஒலித் தாமத அமைப்பைச் சற்று நகர்த்தினால் உதடும் சொல்லும் சேர்ந்துகொள்ளும்.

இவ்வளவும் தனி அறையும் தாராளமான பணமும் உள்ளவர்களுக்கான ஆலோசனை அல்லவா என்பது கடைசி மறுப்பு. ஒரே ஹாலில் குழந்தைகள் படித்து, விருந்தினர் தங்கி, தொலைக்காட்சியும் ஓடும் வீடுகளே நம்மிடம் அதிகம். அங்கே எல்லாவற்றையும் செய்ய முடியாது என்பது உண்மை. ஆயினும் மேலே சொன்னவற்றைத் திரும்பப் பாருங்கள்: சோபாவை இரண்டடி முன்னே இழுப்பது, திரைச்சீலை தொங்கவிடுவது, மெனுவில் ஓர் அமைப்பை மாற்றுவது, ஜமுக்காளம் விரிப்பது, சப்வூஃபரை இடம் மாற்றுவது. எல்லாம் சேர்ந்தும் அடுத்த மாடல் பெட்டிக்கான விலை வித்தியாசத்தைத் தொடாது. பணம் குறைவாக உள்ளவருக்குத்தான் இந்த அறிவு அதிகம் பயன்படும், ஏனெனில் கருவியில் செய்ய முடியாத மேம்பாட்டை அவர் அறையில் செய்துகொள்ள முடியும். உற்பத்தியாளர்கள் இதைச் சொல்லாததில் வியப்பில்லை. படப்புள்ளியையும் வாட்டையும் விற்கலாம், ஏழடித் தூரத்தை விற்க முடியாது. விற்க முடியாததற்கு விளம்பரமும் கிடையாது. அந்த வேலையை நாமேதான் செய்துகொள்ள வேண்டும். புதிய பெட்டி வாங்கும் எண்ணம் வந்தால், கடைக்குப் போகுமுன் ஓர் அளவு நாடாவை எடுத்து இருக்கைக்கும் திரைக்கும் உள்ள தூரத்தை அளந்து பார்ப்போம், பகலில் ஒருமுறையும் விளக்கணைத்து ஒருமுறையும் இருக்கும் பெட்டியையே பார்ப்போம், ஹாலின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டி எதிரொலியைக் கேட்போம். இந்த மூன்று சோதனைகளுக்கும் பிறகும் குறை பெட்டியில்தான் என்று தெரிந்தால், தாராளமாக வாங்கலாம். அப்போது வாங்கும் பெட்டியின் திறன் முழுவதும் நம் கண்ணுக்கும் காதுக்கும் வந்து சேரும்.